முரியேல் வீட்டுக் கதவுநிலை

புதன்கிழமை, காலை 7.40

பிக்கரிங் ஸ்டேஷன் வாசலில் என்னை இறக்கிவிட்ட பிறகும் தம்பி சிறி போகவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தான்.

"அக்கா, உங்களுக்கு ஏன் உந்த வேலை? வந்தனீங்கள் கலியாணத்துக்கு. பிள்ளையின்ர அல்பத்தை முடிச்சுக் குடுத்திட்டு, நயாகராவைப் பாத்திட்டு, பாரிசுக்குப் போங்கோவன். உவையின்ர பிரச்சினைக்குள்ள போய்த் தலையைக் குடுக்காதேங்கோ."

"நான் தலையைக் குடுக்கப் போகேல்லையடா. கமராவைக் கொண்டு போறன்."

"எல்லாத்துக்கும் ஒரு வாய்."

"வாய் இல்லாட்டி நான் பாரிசில ஸ்டூடியோ நடத்தேலாது. கண்ணாடியை ஏத்து, குளிருது."

மே மாதம் என்றுதான் பெயர். எனக்குக் கை விறைத்தது. ரொறன்ரோக்காரர் அரைக்கைச் சட்டையோடு கோப்பி குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களுக்கு என்ன தோலோ தெரியாது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் ராஜினி. பிறந்தது யாழ்ப்பாணம். பாரிசுக்கு வடக்கே, ரயிலில் அரை மணிக்குள் போய்விடக்கூடிய சார்சேல் என்ற ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், கேட்டால் செத்தவீடும் எடுப்பேன். ரொறன்ரோவுக்கு வந்தது தம்பி மகளின் கலியாணத்துக்கு. சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு மண்டபம் நிறைய ஆட்களைப் படம் எடுத்து, தோள்மூட்டு கழன்ற மாதிரிக் கிடந்தபோதுதான் முரியேல் ரெலிபோன் எடுத்தாள்.

முரியேல் யூதப் பெண். சார்சேலில் என் ஸ்டூடியோவுக்கு இரண்டு கடை தள்ளி மருந்துக்கடை வைத்திருந்தவள். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் டொக்டரிடம் போகமுதல் அவளிடம்தான் ஓடுவேன். அவளுடைய மகளின் பன்னிரண்டு வயதுக் கொண்டாட்டத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் கடையை விற்றுப்போட்டு, புருஷன் டானியேலோடும் மகளோடும் இங்கே வந்துவிட்டாள். மகள் இப்போது மொன்றியலில் படிக்கிறாள்.

"ராஜினி, இஞ்ச ஒரு சமூக மண்டபத்தில, புதுசா வந்து குடியேறின யூத ஆக்களின்ர படங்களைச் சுவரில மாட்டப் போகினம்," என்றாள் போனில். "எங்கட படத்தை நீதான் எடுக்கவேணும். இன்னொரு மனிசியும் இருக்கிறா, அவவையும் எடு. ஞாயிறு நாலு மணிக்குப் படம் சுவரில ஏறவேணும்."

முரியேல் என்னோடு கதைப்பது பிரெஞ்சில். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் அவளுடைய பிரெஞ்சு என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன். குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

ரயிலில் என் கமராப் பையை மேல்தட்டில் தூக்கி வைக்க ஒரு பெடியன் எழுந்து வந்தான். தமிழ்ப் பெடியன், கழுத்தில் வேலை அட்டை.

"அன்ரி, திஸ் இஸ் ஸோ ஹெவி. என்ன, கல்லா கொண்டு போறியள்?"

"கமரா, தம்பி."

"ஓ, நைஸ். சிஎன் டவர் எடுக்கப் போறியளோ?"

"இல்லை. மனுசரை."

ரூஜ் ஹில் தாண்டியதும் இடப்பக்கம் ஏரி விரிந்தது. கடல் என்று சொன்னால் நம்புவீர்கள், அக்கரை தெரியாது, ஆனால் உப்பு மணம் இல்லை. பெடியன் ஒருதரமும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிறவனுக்கு என்ன ஏரி.

ரயிலுக்கு ஏழு டொலர் சொச்சம். யூனியன் ஸ்டேஷனில் இறங்கிச் சப்வே பிடித்து, வடக்கே கடைசி ஸ்டேஷனுக்கு முந்தின ஃபின்ச் மட்டும்—இல்லை, ஃபின்ச்தான் கடைசி, தம்பி எழுதித் தந்ததைப் பிழையாகப் பார்த்துவிட்டேன்—அங்கே போய், அங்கிருந்து ஸ்டீல்ஸ் தெரு வழியே மேற்கே போகும் பஸ். பாதர்ஸ்ட் தெருச் சந்தியில் இறங்கினேன். பிக்கரிங்கில் இருந்து எல்லாமாக இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய. பாரிசில் இந்த நேரத்துக்கு நான் லியோன் போய்ச் சேர்ந்திருப்பேன்.

10 மணி. பாதர்ஸ்ட் - ஸ்டீல்ஸ் சந்தி

இந்தச் சந்தியை ஸ்காபரோவின் ஒரு பிளாசாவைக் கண்ட தமிழருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீட்டுக்குக் கடைகள், முன்னால் கார் நிறுத்துகிற பெரிய வெளி. நாங்கள் புட்டு, கொத்துரொட்டி விற்கிற இடத்தில் இங்கே ரஷ்யக் கடையில் புகைபோட்ட மீன். நாங்கள் நகைக்கடை வைத்திருக்கிற இடத்தில் ஹீப்ரு எழுத்துப் போட்ட பேக்கரி. பக்கத்தில் பிலிப்பினோக்காரரின் காசு அனுப்பும் கடை. வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய பின்னல் பாணை இன்றைக்கே ஓடர் கொடுக்கச் சொல்லிப் பேக்கரி வாசலில் அட்டை வைத்திருந்தார்கள். ஒரு பாண் எட்டு டொலர்.

முரியேல் வீடு சந்தியிலிருந்து பத்து நிமிட நடை. ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடுகளில் ஒன்று, வாடகைக்கு இருக்கிறார்கள். கன்னத்தில் இரண்டு முத்தம் தந்தாள். மருந்துக்கடைச் சீருடையோடு நின்றாள். சொந்தக் கடையில் வெள்ளைக் கோட்டோடு ஊருக்கே மருந்து சொன்னவள், இங்கே இன்னொருவரின் கடையில் தட்டுகளில் பெட்டி அடுக்குகிறாள். பிரெஞ்சுப் பட்டம் இங்கே செல்லாது, சோதினை எழுதவேண்டும். முதல் பகுதி பாஸ். டானியேல் அங்கே கணக்கு வாத்தியார். இங்கே விடியப்புறம் நாலு மணிக்கு பேக்கரி வான் ஓட்டுகிறான்.

"உள்ளுக்கு வராதை, முதல் இதைப் பார்," என்று என் கையைப் பிடித்து வாசலிலேயே நிறுத்தினாள்.

வலப்பக்கக் கதவுநிலையில், தோள் உயரத்தில், இரண்டு ஓட்டை. அதைச் சுற்றிக் கடும்பச்சைப் பெயின்ற் உரிந்து மரம் வெள்ளையாய்த் தெரிந்தது. யாரோ ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்பின அடையாளம் அப்படியே ஒரு நீளக் கீறலாய் இருந்தது.

அந்த இடத்தில் இருந்தது மெசூசா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: யூதரின் வீட்டு நிலையில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழல் அடித்திருக்கும். உள்ளே தோலில் கையால் எழுதின வேத வரிகள் சுருட்டி இருக்கும். போகும்போதும் வரும்போதும் தொட்டு முத்தமிடுவார்கள். அது இருந்தால் யூத வீடு, தெருவில் போகிற எவருக்கும் தெரியும்.

"மூண்டு கிழமைக்கு முந்தி. நாங்கள் வேலைக்குப் போன நேரம். குழல் புல்லுக்குள்ள உடைஞ்சு கிடந்தது, தோலைக் காணேல்லை."

"பொலிஸ்?"

"வந்தவை. எழுதினவை. போட்டினம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் சார்சேலில் அவளுடைய வாசலையும் நான் கண்டவள். அங்கேயும் வெளியில்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அதைக் கழற்றிக் கதவுக்கு உட்பக்கம் அடித்தாள். அதற்குப் பிறகு கழுத்துச் சங்கிலி சட்டைக்குள் போனது. அதற்குப் பிறகு மகளைப் பஸ்ஸுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டாள், "கண்ணு, இஞ்ச வா" என்றுதான் கூப்பிடுவாள். ஒவ்வொன்றாய் உள்ளே உள்ளே போய்க் கடைசியில் விமானம் ஏறினார்கள்.

"இஞ்ச வந்து முதல் நாள், சூட்கேஸ் திறக்க முதல், இதை வெளியில அடிச்சனான்," என்றாள் முரியேல். "இப்ப டானியேல் சொல்லுறான், புதுசை உள்ளுக்கு அடிப்பம் எண்டு. நான் சொல்லுறன், வெளியில எண்டு. உள்ளுக்கு அடிக்கிறதுக்கு நான் ஏன் சமுத்திரம் தாண்டினனான்? சார்சேலிலயே இருந்திருக்கலாமே!"

அந்த நேரம் டானியேல் வான் வேலை முடித்து வந்தான். மெலிந்த ஆள், மெதுவாகக் கதைப்பான், என்னை எப்போதும் நீங்கள் என்றுதான் சொல்வான்.

"ராஜினி, உங்களுக்குத் தெரியும் நான் சண்டைக்காரன் இல்லை. உலகத்தில எங்கயோ ஒரு சண்டை நடக்குது. அதுக்கு என்ர கதவு கணக்குக் குடுக்க வேண்டிக் கிடக்கு. நான் களைச்சுப் போனன். உள்ளுக்கு இருந்தாலும் கடவுளுக்குத் தெரியும்தானே."

"கடவுளுக்குத் தெரியும். எனக்குத் தெரியவேணும்!" என்று முரியேல் குசினிக்குள் இருந்து கத்தினாள்.

"படம் எண்டால் என்ர கையை மட்டும் எடுங்கோ," என்றான் டானியேல். "முகம் வேண்டாம். நாளைக்கு ஆரும் வானை மறிச்சு நீதானே அவன் எண்டு கேட்கக்கூடாது."

அவன் சொன்னதில் நான் பிழை பிடிக்கவில்லை. பயம் வந்த மனுசனிடம் போய் வீரம் பேச நான் யார்? ஆனால் முரியேலின் பக்கம்தான் என் மனம் நின்றது. அதை நான் மறைக்கவும் இல்லை.

வியாழக்கிழமை, பின்னேரம் 5 மணி

புது மெசூசா மேசையில் இருந்தது. எழுதின தோலுக்கு எழுபது டொலர், குழலுக்கு இருபது. மங்கின வெள்ளிநிறக் குழல். பாதர்ஸ்ட் தெருப் புத்தகக்கடையில் வாங்கினதாம். வெளியில் அடிக்க டானியேல் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ரீ குடித்த விதத்திலேயே கண்டுகொண்டேன்.

ரீ முடிந்ததும் முரியேல் எழுந்து, குழலையும் ஸ்க்ரூட்ரைவரையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் கமராவோடு பின்னால். டானியேல் கதிரையை விட்டு அசையவில்லை.

பழைய ஓட்டைகள் பெரிதாகிப் பிடிப்பில்லாமல் போயிருந்தன. அதனால் கொஞ்சம் மேலே புது இடம் பார்த்தாள். குழலை நிலையோடு நேராக நிமிர்த்திப் பிடித்து, கீழ் ஸ்க்ரூவை முறுக்கினாள். மருந்துப் போத்தல் திறந்து பழகின கை, ஸ்க்ரூ வழுக்கி வழுக்கி விழுந்தது. "நாசமாய்ப் போக" என்று பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னாள், அதை எழுத முடியாது. எதிர்வீட்டுக் கிழவர் நாயோடு போனவர் நின்று பார்த்தார். முரியேல் அவருக்கு வேண்டுமென்றே சத்தமாய் ஹலோ சொன்னாள். அவரும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அப்போது உள்ளேயிருந்து டானியேலின் குரல்.

"முரியேல், நீ என்ன செய்யிறாய்?"

"கண் தெரியேல்லையே?"

"நேராவா வைக்கிறாய்?"

அவன் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டான்.

இதை நான் விளங்கப்படுத்தவேணும். முரியேலின் ஆட்கள் துனீசியாவில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்கு மெசூசா நேராக நிற்கவேணும். டானியேலின் ஆட்கள் போலந்துப் பக்கம். அவர்களுக்கு அது சாய்ந்து, தலை வீட்டுக்குள் பார்த்தபடி இருக்கவேணும். பழைய காலத்தில் ஒரு பெரியவர் நிமிர்த்தி வை என்றாராம், இன்னொருவர் படுக்க வை என்றாராம், இரண்டு பேரையும் கோபிக்காமல் சரித்து வைத்தார்களாம். இந்த வீட்டில் புருஷன் வழக்கம்தான், கலியாணம் கட்டின நாளிலிருந்து சரிவுதான். முரியேல் கோபத்தில் தாய்வீட்டு வழக்கத்துக்குப் போய்விட்டாள்.

"நேரா வைச்சால் என்ன? நீதான் வெளியில வேண்டாம் எண்டனீ. வெளியில இருக்கிறது என்ர. என்ர எண்டால் நேராத்தான் நிக்கும்."

"என்ர வீட்டு வாசலில நேராவோ? என்ர அப்பா எழும்பி வருவார்!"

"வரட்டும். ரீ குடுப்பம்."

டானியேல் அவள் கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவரைப் பறித்தான். ஒரு ஸ்க்ரூவில் நின்ற குழலைப் பெருவிரலால் தள்ளி, தலையை உட்பக்கம் சரித்தான். கண்ணைச் சுருக்கிக் கோணம் பார்த்தான், கணக்கு வாத்தியார் அல்லவா. கொஞ்சம் கூட்டினான், கொஞ்சம் குறைத்தான். மேல் ஸ்க்ரூவை வைத்து நாலே முறுக்கில் இறுக்கினான். பிறகுதான் தான் எங்கே நிற்கிறேன் என்று அவனுக்கு விளங்கியது. வெளியில், வெறுங்காலோடு, பட்டப்பகலில்.

முரியேல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவன் கழற்றியிருப்பான். அவள் மெதுவாக, "செபத்தை நீ சொல்லு," என்றாள். அவன் கையை அதன்மேல் வைத்துச் சொன்னான். குரல் முதலில் இறங்கி இருந்தது, பிறகு ஏறியது. நான் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கண் கலங்கிப் பாதி எடுத்தது மங்கல்.

வெள்ளிக்கிழமை, காலை 11 மணி

அடுத்த பிளாசாவில் ல்யூபாவின் தையல்கடை. ஒடேசாவில் இருந்து வந்த மனிசி, அறுபது வயதிருக்கும். காற்சட்டை நீளம் குறைக்கப் பதினெட்டு டொலர், ஸிப் மாற்ற இருபத்தைந்து. இவதான் முரியேல் சொன்ன மற்றவ. மண்டபத்துப் பொறுப்பாளர் எனக்குப் போனில் சொல்லியிருந்தார்: மனதைத் தொடுகிற மாதிரி, பழைய சூட்கேஸ் ஏதும் கையில் இருந்தால் நல்லது என்று. சொன்னதை ல்யூபாவிடம் சொன்னேன். அரைகுறை இங்கிலீசில் வெடித்தாள்.

"சூட்கேஸ்? சூட்கேஸ் நான் குப்பையில் போட்டேன். சில்லு உடைந்த சூட்கேஸ்! அழுகிற முகம் வேண்டும் என்றால் வேறு கடைக்குப் போ. இங்கே முகம் ரெடி இல்லை, பொறு."

லிப்ஸ்டிக் பூசினாள். தலைமயிரை உயர்த்திக் கட்டினாள். கடையைப் பூட்டிவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், ஒரு சிவப்புக் காருக்கு முன்னால் நின்று, பானட்டில் கையை வைத்தாள்.

"இப்படி எடு. என் கார். என் பெயரில்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தம்பி சிறி முதன்முதல் ரொறன்ரோவுக்கு வந்து பார்க்டேல் பகுதியில் இருந்த காலத்தில் அம்மாவுக்கு அனுப்பின படமும் இதே நிலைதான், கார் மட்டும் எவனுடையதோ, ஓவர்கோட் அறைத்தோழனுடையது. ஊரில் அம்மா அந்தக் காரை எத்தனை பேருக்குக் காட்டினா! ல்யூபாவை முழு உயரத்துக்கு எடுத்தேன். சூட்கேஸ் கேட்ட மண்டபத்துக்குக் கார் போகும், விருப்பமென்றால் மாட்டட்டும்.

அன்று பொழுது சாய்ந்தால் யூதருக்கு ஓய்வுநாள். சனி இருட்டுமட்டும் போன் எடுக்க மாட்டார்கள், படமும் பார்க்க மாட்டார்கள். "ஞாயிறு காலமை கொண்டு வா," என்று சொல்லி, பின்னல் பாண் ஒன்றைப் பையில் சுற்றித் தந்து அனுப்பினாள் முரியேல்.

சனிக்கிழமை. பிக்கரிங்

தம்பி வீட்டு மேசையில் கொம்பியூட்டரை வைத்துப் படங்களைத் துப்புரவாக்கினேன். எங்கள் கலியாணப் படக்காரருக்கு இது ரத்தத்தில் ஊறின வேலை. மணமகளின் பரு போகும். மண்டபத்து எக்ஸிற் லைற் போகும். மாப்பிள்ளையின் வழுக்கைக்கு இரண்டு கை மயிர் வரும். வெறியில் வந்த சித்தப்பா அல்பத்தில் இருக்கவே மாட்டார். பொம்பிளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கு என்று கேட்கிறவர்களை மட்டும் நான் ஏசி அனுப்பிவிடுவேன். மற்றதெல்லாம் கை தன்பாட்டில் செய்யும்.

டானியேலின் கை குழலின்மேல் இருக்கிற படத்தை எடுத்தேன். முரியேலின் பக்கவாட்டு முகம், வெயில், எல்லாம் வடிவாக வந்திருந்தது. கீழே அந்த இரண்டு ஓட்டையும் கீறலும் கண்ணை உறுத்தின. அழித்தேன். உரிந்த பெயின்றைப் பச்சையால் நிரப்பினேன். ஐந்து நிமிட வேலை. தம்பி பின்னால் நின்று பார்த்தான்.

"ஆ, இது வடிவா இருக்கக்கா. பிரச்சினை ஒண்டும் தெரியேல்லை. உப்பிடியே குடுங்கோ."

அந்த நேரத்திலேயே எனக்கு விளங்கியிருக்கவேணும். தம்பி ஒரு படத்தைப் புகழ்ந்தால் அதில் எங்கோ பிழை. ஆனால் நான் பெரிய அளவில் அச்சடித்துச் சட்டமும் போட்டுவிட்டேன். நாற்பத்திரண்டு டொலர், ஸ்காபரோவில் தெரிந்த பெடியனிடம், கழிவு விலையில்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி

முரியேல் படத்தைப் பார்த்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "நான் இன்னும் வடிவுதானடி," என்றாள். டானியேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டத்தை ஜன்னலடிக்குக் கொண்டு போனான். கனநேரம் பார்த்தான்.

"இது எங்கட கதவு இல்லை," என்றான்.

"உங்கட கதவுதான். கொஞ்சம் துப்புரவாக்கினன், அவ்வளவுதான்."

"ஆர் கேட்டது?"

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழில் செய்கிறவள், கேட்காமல் துப்புரவாக்கித்தான் எனக்குப் பெயரே வந்தது. "அந்த ஓட்டையள் பாக்க அசிங்கமா இருந்தது," என்றேன், நானும் குரலை உயர்த்தி.

"அசிங்கம்தான். அதைச் செய்தது நானோ? நான் ஏன் அதை மூடவேணும்?"

முரியேலுக்கே அவன் இப்படிக் கதைப்பது புதிது.

"வகுப்பில ஒரு பிள்ளை பிழையை அழிச்சுப்போட்டு விடையை மட்டும் எழுதித் தந்தால் நான் மார்க்ஸ் போடமாட்டன்," என்றான் டானியேல். "வழியைக் காட்டு எண்டுவன். இந்தக் குழல் ரெண்டாந்தரம் ஏறினது. அதுதான் வழி. அது தெரியாட்டி இது என்ன படம்? பெயின்ற் கடைக் கற்றலொக். பிடுங்கினவன் இண்டைக்கு மண்டபத்துக்கு வந்து பாத்தால், நான் ஒண்டுமே செய்யேல்லை எண்டு சந்தோசமாப் போவான். நீங்கள் அவன்ர வேலையை அழிச்சுக் குடுத்திருக்கிறியள், ராஜினி."

கோபத்தில் நான் கமராப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அவன் சொன்னது சரி. சரி என்று தெரிந்த பிறகு வாதாடுவது எனக்குக்கூடக் கஷ்டம்.

"முந்தினது கொம்பியூட்டரில அப்பிடியே கிடக்கு. ஓட்டையோட அச்சடிச்சுக்கொண்டு வாறன்," என்றேன்.

"வேண்டாம். திரும்ப எடுங்கோ."

"ஏன்?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். "அதில என்ர முகம் இல்லை."

முரியேல் கதிரையில் இருந்துவிட்டாள். "டானியேல், நீ விரும்பாட்டி—"

"நீ மட்டும் நிண்டால் உன்னை மட்டும்தான் பாப்பினம். நான் கைக்குப் பின்னால ஒளிச்சு நிக்கிறதோ? எழும்பு. நல்ல சட்டையைப் போடு."

அவனும் போய் வெள்ளைச் சேட் போட்டு வந்தான். இரண்டு பேரும் கதவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை, கையை இப்படி வை, நாடியை அப்படி வை என்றும் சொல்லவில்லை. கலியாணத்தில் நான் ஓயாமல் சொல்கிறவள். சாய்ந்த குழல், அதற்குக் கீழே இரண்டு ஓட்டை, நீளக் கீறல், உரிந்த மரம், எல்லாவற்றுக்கும் வெளிச்சம் சமனாய் விழுகிற இடத்தைப் பார்த்து நின்றுகொண்டேன். டானியேல் லென்ஸை நேரே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்தான் இருந்தது, எனக்கு அது பிடித்துக்கொண்டது. ஐந்தாறு படம் எடுத்தேன். முதலாவதே போதும்.

தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், உன்ர காரைக் கொண்டு உடன வா. ஸ்காபரோவுக்கு ஓடி அச்சடிச்சுக்கொண்டு நாலு மணிக்கு முதல் வரவேணும்." முணுமுணுத்தபடி வந்தான். 401 பெருந்தெருவில் ஞாயிறு நெரிசல். அச்சு ஈரம் காயமுதல் காரில் என் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். சிவப்பு லைற்றில் தம்பி எட்டிப் பார்த்தான்.

"ஓட்டை எல்லாம் தெரியுது."

"தெரியட்டும்."

பிறகு சொன்னான்: "பார்க்டேலில நான் இருந்த பில்டிங்கில, வாசல் மணிக்குப் பக்கத்தில என்ர பேரை சாம் எண்டுதான் போட்டனான். ஆறு வருசம். ஆரும் போடச் சொல்லேல்லை, நானாப் போட்டது."

"ஏன் இதை எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன?" லைற் பச்சையானது. "ரோட்டைப் பாக்க விடுங்கோ."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் படம் சுவரில் ஏறியது. ல்யூபாவின் சிவப்புக் காருக்குப் பக்கத்தில். பொறுப்பாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், சூட்கேஸைப் பற்றி மூச்சு விடவில்லை. சனம் வந்தது. பலர் ஓட்டைகளுக்குக் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார்கள். டானியேல் படத்துக்குப் பக்கத்திலேயே, அதே வெள்ளைச் சேட்டோடு நின்றான். யார் கேட்டாலும், "ஓம், எங்கட வீடுதான்," என்றான், தெருவின் பெயரையும் சேர்த்துச் சொன்னான். முரியேல் தெருப்பெயர் வேண்டாமடா என்று அவன் முழங்கையைக் கிள்ளினாள். அவன் நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை, மாலை. பியர்சன் விமான நிலையம்

விமானத்துக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. ஒரு தண்ணீர்ப் போத்தலுக்கு நாலு டொலர் கொடுத்துவிட்டு, அந்த எரிச்சலில் இருந்து இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோ எப்படி என்று பாரிசில் கேட்பார்கள். வீடுகள் பெரிசு, தூரம் கூட, பஸ் பிந்தி வரும், சனம் மரியாதையாகக் கதைக்கும் என்று சொல்லலாம். எல்லாம் உண்மை. சார்சேலில் ஒரு கதவு உள்ளே போவதை நான் பார்த்தேன், பக்கத்துக் கடையில் இருந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை, செய்ய என்ன இருந்தது என்றும் இன்னும் தெரியவில்லை. இங்கே அதே கதவு வெளியே வந்ததையும் பார்த்தேன். கனடா நல்ல நாடு, பிரான்ஸ் கூடாத நாடு என்று இதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். ஸ்க்ரூட்ரைவர் எல்லா நாட்டிலும் விற்கிறார்கள்.

இதுவரை எழுதி வைத்தபோது போன் அடித்தது. முரியேல் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதே பச்சை நிலை, சாய்ந்த குழல் இல்லை. இருந்த இடத்தில் மரம் சிம்பு சிம்பாய்க் கிழிந்து நின்றது. இன்று மத்தியானம் நடந்ததாம். எனக்கு வாய்விட்டு ஏசவேண்டும் போலிருந்தது, ஏசினேன், பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பி வேறு இடத்துக்குப் போனார்.

அடுத்த நிமிடமே இரண்டாவது படம் வந்தது. ஒரு சாண் மேலே, புதுக் குழல், அதே சரிவு. பக்கத்தில் டானியேல், கையில் கடன் வாங்கின ட்ரில், பேக்கரிச் சட்டை முழுக்க மரத்தூள். முகத்தை மறைக்கவில்லை.

கீழே அவனே எழுதியிருந்தான்: "ராஜினி, உங்கட படம் பழசாப் போச்சு. இந்தமுறை நாலு அங்குல ஸ்க்ரூ போட்டிருக்கிறன். கழட்ட வாறவன் நிலையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகட்டும். நான் வேற நிலை வாங்குவன்."